மொட்டிலிருந்து அரும்புக்கு

வணக்கம் ஐயா,

அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வாசிப்பும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் செயலியில் ஏற்றுகிறோம். போன பருவம் மொட்டில் இருந்த ஒரு பையனை இந்தப் பருவம் அரும்பில் போட வேண்டியதாயிற்று. "முன்னேற்றம் எங்கே டீச்சர்?" என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையை இப்படி அளக்கத்தான் வேண்டுமா?

– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

அளக்கத்தான் வேண்டும். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்தே பிடிபடாமல் மேல் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய திட்டம் இது. யாருக்கு எது தெரியும் என்று பார்க்காமல் பாடம் நடத்தினால் பாதிப் பேர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பையன் இறங்கிவிட்டான் என்று எனக்குத் தோன்றவில்லை. போன பருவம் மனப்பாடமாகச் சொல்லியிருப்பான். சின்னப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே பாட்டை வரி பிசகாமல் 'வாசிப்பார்கள்'. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். படத்தை மறைத்துவிட்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள், தெரிந்துவிடும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று பார்க்க 2005இலிருந்து நடக்கும் அசர் (ASER) ஆய்வில் ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து, முதலில் ஒரு சின்னப் பத்தியைக் கொடுக்கிறார்கள். வந்தால் கதை. வராவிட்டால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் போதும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 'வந்துகொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரே சொல், ஆனால் பன்னிரண்டு எழுத்து. பிள்ளை அதைக் கடப்பதற்குள் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை மூன்று சொல் தாண்டியிருக்கும்.

எங்கே தடுக்குகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளை 'கொடி'யில் நின்றுவிடும். ஒற்றைக்கொம்பைப் பார்த்ததுமே வாய் 'கெ' என்று போய்விடும். பின்னால் துணைக்கால் இருப்பது அப்புறம்தான் கண்ணில் படும். இன்னொரு பிள்ளைக்குப் 'பெட்டி'யும் 'பேட்டி'யும் ஒன்று. செயலியில் இரண்டு பேரும் ஒரே நிலை. இந்த விவரத்தை ஒரு நோட்டில் பெயருக்கு நேரே குறித்து வையுங்கள். செயலிக்கே நேரம் போதவில்லை என்பீர்கள், நியாயம்தான். தடுக்குகிற பிள்ளைகளுக்கு மட்டும் குறித்தால் போதும்.

பையன் அரும்பிலேயே இருக்கட்டும். மேலே கேட்டால் நோட்டைக் காட்டுங்கள். மொட்டு என்று போட்டால் கேள்வி வராதுதான். ஆனால் அவனுக்கு எட்டாத பயிற்சித்தாள்தான் கையில் வரும்.