போன் மாற்றும்போது பெயர்கள் தொலையாமல் இருக்க: கேள்வி பதில்

கும்பகோணத்தில் 14 வருடமாகப் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த டிஸ்பிளேவுக்கு அடுத்தபடியாகக் கடைக்கு அதிகம் வரும் புகார், "நம்பர் எல்லாம் போயிடுச்சு" என்பதுதான். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று: புதுப் போனில் எல்லாப் பெயரும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்க்கும்வரை பழைய போனை அழிக்கவோ விற்கவோ கூடாது.

கேள்வி (மதுரை, மளிகைக் கடை): வாட்ஸ்அப்பில் யாராவது நம்பர் அனுப்பினால் சில சமயம் விசிஎஃப் என்று ஒரு ஃபைல் வருகிறது. அது என்ன? திறக்கலாமா?

தெரிந்தவர் அனுப்பியதென்றால் தாராளமாகத் திறக்கலாம். அது வெறும் எழுத்து ஃபைல். கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறந்து பாருங்கள், ஒளிவுமறைவு எதுவும் இருக்காது. 'பிகின் விகார்ட்' என்று தொடங்கி 'எண்ட் விகார்ட்' என்று முடியும். நடுவில் 'எஃப்என்' என்ற வரியில் முழுப்பெயர், 'டெல்' என்ற வரியில் எண், 'ஏடிஆர்' என்பதில் முகவரி, 'நோட்' என்பதில் குறிப்பு. ஒருவருடைய விவரம் ஒரு கார்டு. ஒரே ஃபைலில் ஒரு கார்டும் இருக்கலாம், ஆயிரம் கார்டும் அடுக்கியிருக்கலாம்.

ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் நான்கும் சேர்ந்த வெர்சிட் என்ற கூட்டமைப்பு 1995 வாக்கில் முன்வைத்த முறை இது, பெயர் விகார்ட். 1996-இல் 2.1, 1998-இல் 3.0, 2011-இல் 4.0 என்று மூன்று பதிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு போன் எழுதியதை இன்னொரு போன் தப்பாகப் படிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பதிப்பு வேறுபாடுதான்.

அந்தக் குறிப்பு வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏடிஎம் ரகசிய எண், லாக்கர் எண், "இவரிடம் 20,000 பாக்கி" எல்லாவற்றையும் கான்டாக்டின் குறிப்புப் பெட்டியில் எழுதிவைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கார்டைப் பகிர்ந்தால் அதுவும் கூடவே போகக்கூடும். பகிரும் முன் எந்தெந்தப் பகுதி போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. பெயரும் எண்ணும் போதும்.

கேள்வி (சேலம்): ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறேன். 900 பெயர்கள். எப்படிக் கொண்டுபோவது?

இரண்டு வழி. ஆண்ட்ராய்டு போனிலுள்ள கூகுள் கணக்கை ஐபோனின் செட்டிங்ஸில் சேர்த்து, கான்டாக்ட்ஸ் என்பதை ஆன் செய்வது ஒன்று. கூகுளில் சேமித்த பெயர்கள் தானாக இறங்கிவிடும். இன்னொன்று, கான்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து, வரும் விசிஎஃப் ஃபைலை உங்களுக்கே மெயில் அனுப்பி, ஐபோனில் திறந்து எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்வது. பெயர்கள் கூகுளில் இல்லாமல் போனின் உள்நினைவில் மட்டும் இருந்தால் இரண்டாவது வழிதான். எதையாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்தால் 900 பெயர் 1,800 ஆகிவிடும்.

கேள்வி (ஈரோடு): சிம்முக்கு நகல் எடுத்து மாற்றினால் சுலபம்தானே?

வேண்டாம். சிம்மில் பெயருக்கு இடம் குறைவு, நீளப் பெயர் வெட்டுப்படும். மெயில், முகவரி, படம் எதுவும் வராது. ஐபோன் சிம்மிலிருந்து படிக்கும், சிம்மில் எழுதாது.

கேள்வி (திருநெல்வேலி): தமிழில் சேமித்த பெயர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் '=ஈ0=ஏஈ=95' மாதிரி குப்பையாக வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா? அழித்துவிடவா?

அழித்துவிடாதீர்கள்! அது குப்பை இல்லை. நீங்கள் காட்டிய அந்தத் துண்டு 'க' என்ற எழுத்து.

2.1 பதிப்பு வந்த காலத்தில் மெயில் வழியே ஆங்கில எழுத்துகள்தான் பத்திரமாகப் போய்ச் சேரும். அதனால் மற்ற எழுத்துகளைச் சமக்குறி போட்டு எண்களாக மாற்றி அனுப்பினார்கள். இன்றும் பல ஆண்ட்ராய்டு போன்கள் இந்தப் பழைய பதிப்பில்தான் எக்ஸ்போர்ட் செய்கின்றன. 'முருகன்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். ம, உகரக் குறி, ர, மறுபடி உகரக் குறி, க, ன, கடைசியில் புள்ளி. கம்ப்யூட்டர் கணக்கில் மொத்தம் 7. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. ஒவ்வொரு பைட்டும் சமக்குறியோடு 3 எழுத்தாக விரியும். நாலெழுத்துப் பெயர் 63 எழுத்து நீளமாகிவிடுகிறது. அதைவிட நீளமான பெயர் ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு ஓடும். அந்த ஒட்டு வரியைச் சரியாகப் படிக்கத் தெரியாத ஆப், பெயரைப் பாதியில் நறுக்கிவிடும். "மீனாட்சிசுந்தரம்" என்று சேமித்தது "மீனாட்சி" என்று நிற்பதைக் கடையில் பார்த்திருக்கிறேன்.

செய்யவேண்டியது இது: கம்ப்யூட்டரில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து அந்த ஃபைலை இம்போர்ட் செய்யுங்கள். தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அங்கிருந்தே விகார்டாக எக்ஸ்போர்ட் செய்தால் 3.0 பதிப்பில், தமிழ் தமிழாகவே வரும். முகம் தெரியாத 'கன்வெர்ட்டர்' தளங்களில் ஏற்றாதீர்கள். அதில் இருப்பது உங்கள் எண் மட்டுமில்லை, உங்களை நம்பி எண் கொடுத்த அத்தனை பேருடையதும்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): இவ்வளவு தொல்லை என்றால், பெயரைத் தமிழில் சேமிக்கவே கூடாது என்கிறீர்களா?

ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டேன் ஐயா. என் போனில் எல்லாப் பெயரும் தமிழில்தான்.

குறுக்கே ஒருவர் (சென்னை, டாக்ஸி ஓட்டுநர்): அண்ணே, தமிழில் போட்டால் கார் ஸ்க்ரீனில் கட்டம் கட்டமாக வருது. யார் கூப்பிடுறாங்கன்னே தெரியலை. நான் எல்லாத்தையும் இங்கிலீஷுக்கு மாத்திட்டேன்.

இன்னொருவர் (கோயம்புத்தூர், வங்கி ஊழியர்): ஆங்கிலத்திலும் நிம்மதி இல்லை. லட்சுமி என்பதை எக்ஸ் போட்டுச் சேமித்தேனா, கேஎஸ்ஹெச் போட்டுச் சேமித்தேனா என்று ஒவ்வொரு முறையும் தேடவேண்டியிருக்கிறது.

மறுபடி ஆசிரியர்: அதைத்தானே சொல்கிறேன். நம் பெயரை நம் எழுத்தில் எழுதினால் ஒரே எழுத்துமுறைதான்.

மூவர் சொல்வதும் சரி. தம்பி காரில் கட்டம் வருவது பெயரின் குற்றமில்லை, அந்த ஸ்க்ரீனில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்காக எல்லாப் பெயரையும் மாற்றவேண்டாம். கான்டாக்டைத் திருத்தப் போனால் 'ஃபொனடிக்' என்ற பெட்டிகளும், புனைபெயருக்கு ஒரு பெட்டியும் இருக்கும். பெயர்ப் பெட்டியில் தமிழ், புனைபெயரில் ஆங்கிலம். எப்படித் தேடினாலும் ஆள் கிடைப்பார். ஓட்டும்போது அடிக்கடி பேசும் பத்துப் பேருக்கு மட்டும் பெயர்ப் பெட்டியிலேயே ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

ஆசிரியர்: சரி, இன்னொன்று. என் பெயருக்கு முன்னால் இருப்பது என் தந்தையின் முதலெழுத்து. பேரன் போனில் நான் என் அப்பா பெயரில் இருக்கிறேன். இது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் ஐயா. விகார்டில் 'என்' என்று ஒரு வரி உண்டு. அதில் ஐந்து அறைகள்: குடும்பப்பெயர், சொந்தப்பெயர், நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. முதல் அறையே குடும்பப்பெயர். நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. இருப்பது இனிஷியல். படிவம் கேட்கிறதே என்று அப்பா பெயரைக் 'கடைசிப் பெயர்' பெட்டியில் போட்டுவிடுகிறோம். போன் அதை வைத்து வரிசைப்படுத்துகிறது. ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, தங்கை மூவரும் அப்பாவின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தங்கைக்குக் கல்யாணமாகிக் கணவர் பெயர் சேர்ந்தால் வேறு இடம்.

வழி எளிது. முழுப்பெயரையும் இனிஷியலோடு முதல் பெயர்ப் பெட்டியிலேயே எழுதுங்கள். கடைசிப் பெயரைக் காலியாக விடுங்கள். பெயர் வரிசையில் வேண்டுமென்றால் 'செல்வி மு' என்று இனிஷியலைப் பின்னால் போடுங்கள். 4.0 பதிப்பில் அந்த ஐந்து அறை வரி கட்டாயமே இல்லை, 'எஃப்என்' என்ற முழுப்பெயர் வரிதான் கட்டாயம். ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே எழுத அந்த ஒரு வரி போதும். மாற்றும்போது அந்த வரி பிழையில்லாமல் வந்ததா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி (ஓசூர்): ஐபோனுக்கு மாற்றுவது எப்படி?

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி): 2,000 வாடிக்கையாளர் எண்களை எக்ஸெலில் திருத்தி ஏற்றினேன். பாதி எண்கள் செத்துவிட்டன.

91-இல் தொடங்கும் 12 இலக்க எண்ணை எக்ஸெல் கணக்குப் போடும் எண்ணாக எடுத்துக்கொண்டு '9.19841ஈ+11' என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி ஃபைலாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும், மீட்க முடியாது. முன்னால் இருக்கும் கூட்டல் குறியும் பூஜ்யமும் இப்படித்தான் காணாமல் போகும். சிஎஸ்வியை நேராக இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா பகுதியிலிருந்து இறக்கி, எண் இருக்கும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்த பிறகு வேலை செய்யுங்கள். தொடாத மூல ஃபைல் ஒன்று தனியே இருக்கட்டும். அது இருந்தால் இப்போதே மறுபடி தொடங்கலாம்.

தப்பாக ஏற்றியதைத் திரும்பப் பெறக் கூகுள் கான்டாக்ட்ஸில் 'அன்டூ சேஞ்சஸ்' இருக்கிறது. 30 நாள் வரை பின்னால் போகலாம். இன்றே செய்யுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): ஒரே பெயர் மூன்று முறை வருகிறது.

கூகுள் கான்டாக்ட்ஸில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்'. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்க்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேருங்கள். நான்கு 'ரமேஷ்' நான்கு வேறு ஆட்களாக இருக்கலாம்.

கேள்வி (நாமக்கல்): நம்பரை மாற்றாமல் வேறு நெட்வொர்க் மாறினால் கான்டாக்ட் போகுமா?

போகாது. நெட்வொர்க் மாற்றும் முறையை அந்தக் கடையிலேயே கேளுங்கள்.

கேள்வி (காரைக்குடி): விசிட்டிங் கார்டில் க்யூஆர் போட்டு, ஸ்கேன் செய்தால் என் எண் சேமிக்கப்படவேண்டும். படமும் வருமா?

க்யூஆர் கட்டத்தில் அதிகபட்சம் 2,953 பைட் அடங்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்று சொன்னேன். படத்தைத் திணித்தால் அடங்காது, தகவல் கூடக்கூடப் புள்ளிகள் பொடியாகிச் சின்ன அட்டையில் ஸ்கேன் ஆகாது. பெயர், கடைப்பெயர், ஒரு எண், அவ்வளவுதான். கார்டின் விவரமே கட்டத்துக்குள் இருக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். ஏதோ ஒரு தளத்தின் லிங்கைப் போட்டுத் தருகிறவர்களும் உண்டு. அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டாவிட்டால் அச்சடித்த அட்டை எல்லாம் வீண்.

கேள்வி (வேலூர்): காரை விற்கப்போகிறேன். ப்ளூடூத்தில் இணைத்திருந்தேன். ஏதாவது செய்யணுமா?

கட்டாயம் செய்யணும். போன் புத்தகம் முழுவதும் காரில் இறங்கியிருக்கலாம். கார் செட்டிங்ஸில் உங்கள் போனை அழித்து, முடிந்தால் ஃபேக்டரி ரீசெட்டும் கொடுங்கள். வாடகைக் காரில் கேட்டாலும் கான்டாக்ட் அனுமதி கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஆம்பூர்): ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு...

மேலே இருக்கிறது. பழைய போனை மட்டும் அதற்குள் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். புதுப் போனுக்கு மாற்றினேன், படம் ஒன்றும் வரவில்லை. அம்மா போனைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

சிஎஸ்வியாக மாற்றியிருப்பீர்கள், அதில் படம் வராது. பழைய போன் இன்னும் கையில் இருக்கிறதல்லவா? அதிலிருந்து நேராக விசிஎஃப் எடுங்கள். அதில் படமும் எழுத்தாக மாறிக் கூடவே வரும், ஃபைல் கொஞ்சம் பெரிதாக இருக்கும், பரவாயில்லை. ஏற்றும் முன் புதுப் போனில் படமில்லாமல் வந்தவற்றை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் இரட்டை இரட்டையாக நிற்கும்.

அப்புறம், அம்மா அடிக்கடி கூப்பிடும் நான்கைந்து பேரை முகப்புத் திரையிலேயே வையுங்கள். பழைய போனில் எந்த முகம் எந்த மூலையில் இருந்ததோ, அதே மூலையில். இங்கே ஒரு பாட்டியம்மாவுக்கு அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். மேலே இடப்பக்கம் மகள், அதன் கீழே பால்காரர். போனைக் கையில் வாங்கியதும் கடையில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டார்.