காயம் படாமல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா 1987இல் வாங்கிய சிவப்பு புரோட்டோன் சாகா இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, நிறம்தான் செத்துவிட்டது. கூரையும் பானெட்டும் வெளுத்துப்போய், தடவினால் கையில் சுண்ணாம்பு மாதிரி இளஞ்சிவப்புத் தூள் ஒட்டுகிறது. பழைய காடிகளுக்குப் பளபளப்பு ஏற்றும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பாலிஷ் மெஷின் ஒன்றும் வாங்கிவிட்டேன். பட்டறைக்காரர், “முழுசா சுரண்டிட்டுப் புதுச் சாயம் அடிச்சிடலாம்” என்கிறார். அம்மா, “ஓடுற காடிக்கு எதுக்குடா அலங்காரம்” என்கிறார். சாயம் அடிப்பதா, நானே தேய்த்துப் பார்ப்பதா? தேய்க்கிற பசை, அந்தக் காம்பவுண்டில் எது நல்லது? செராமிக் கோட்டிங் போடலாமா? இதெல்லாம் பணத்தைக் கரைக்கிற வெட்டி வேலையா? இப்போதைக்கு தினமும் காலையில் கோழி இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டி வைக்கிறேன்.

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

முதலில் அந்த இறகுத் துடைப்பத்தைத் தூக்கிப் போடுங்கள். இன்றைக்கே. செம்மண் புழுதி பவுடர் மாதிரி மெத்தென்று தெரியும், ஆனால் அதற்குள் மணல் இருக்கிறது. காய்ந்த புழுதியைத் துடைப்பத்தால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மணலைச் சாயத்தின்மேல் தேய்க்கிறீர்கள். வெயிலில் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியுமே, அதில் பாதி உங்கள் கை போட்டது. இரண்டு வருடமாகப் பாசத்தோடு அப்பாவின் காடியைக் கீறிக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி. தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஊறவைத்து இறக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் காடி கழுவும் சவர்க்காரத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் கூடாது, மிச்சமிருக்கும் மெழுகையும் அது வழித்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இளஞ்சிவப்புத் தூள். இரண்டு வாரமாக என் அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டிய கத்தி என் மேசைமேல் கிடக்கிறது. வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பழைய சாரோங் துணியில் சுற்றி, எண்ணெய் தடவி, அலமாரிக்கு அடியில் இருந்தது. அம்மா மரம் வெட்டுவதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகியும் அதன் முனை மழுங்கவில்லை. அதைப் பார்த்தபடி நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் நீங்கள் கேட்டதற்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்தத் தூள் அழுக்கில்லை. காடிச் சாயத்தில் நிறத்துகளும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் உண்டு. வருடக்கணக்காக வெயில் பட்டால் மேல்பரப்பிலுள்ள பிசின் சிதைந்துவிடும். பிடிமானம் போன நிறத்துகள் தூளாக நிற்கும். பரப்பு சொரசொரப்பாகிவிடுவதால் அதில் விழும் வெளிச்சம் நேராகத் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறும். அதைத்தான் நிறம் செத்துவிட்டது என்கிறோம். சிவப்புக்கு வெயில் தாங்கும் சக்தி குறைவு, அதனால் அதுதான் முதலில் போகும். எப்போதும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூரையும் பானெட்டும் முதலில் வெளுக்கும். கதவின் கீழ்ப்பாதி இன்னும் நன்றாக இருக்குமே, பாருங்கள்.

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் கண்டிக்கவேண்டியிருக்கிறது. “பளபளப்பு ஏற்றுவது” என்று எழுதியிருக்கிறீர்கள். பளபளப்பை யாரும் ஏற்ற முடியாது. பாலிஷ் எதையும் சேர்ப்பதில்லை, எடுக்கிறது. செத்த மேல்தோலைச் சீவி எடுத்தால் அடியில் இருக்கும் நல்ல சாயம் வெளிச்சத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். அந்தச் சாயம் எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தகரத்தின்மேல் அடிச்சாயம், மேல்சாயம் எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரோன்வரைதான் இருக்கும். தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரோன். அதாவது இரண்டு முடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரத்துக்குள் உங்கள் அப்பாவின் சிவப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் அடிச்சாயம். முரட்டுக் காம்பவுண்டை மெஷினில் போட்டு ஒரு தடவை ஓட்டினால் சில மைக்ரோன் போய்விடும். முப்பது வருடத்துக்கும் மேலாக அப்பா எத்தனை முறை தேய்த்தாரோ, அதெல்லாம் ஏற்கெனவே கழிந்த கணக்கு. மிச்சம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

என் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. அவர் காடியைத் தொட்டவர் இல்லை. மரத்தைத் தொட்டவர்.

பால்மரத்தில் பால் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பட்டைக்குள்தான். அதிலும் உள்ளே போகப் போகப் பால்குழாய்கள் நெருக்கமாக இருக்கும். ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடும். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரத்தின் உயிர் இருக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாகக் கட்டிக்கொண்டு வளரும், பிறகு அங்கே சீராக வெட்டவே முடியாது. அதனால் உயிர்ப்படலத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடுதலோ பட்டையை விட்டுவைத்து நிறுத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் போதும். விடியாத இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு நிரை முடித்து அடுத்த நிரை என்று நூற்றுக்கணக்கான மரத்தில் இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருக்கவேண்டும். பள்ளி விடுமுறையில், பால் வடியும் மங்குகளைத் துடைக்க நானும் கூடப் போவேன். கத்தி பட்டையில் போகும்போது மெல்லிய ஒரு ‘சர்ர்’. சீவல் சுருண்டு விழும், கோட்டில் வெள்ளை முத்து முத்தாகத் துளிர்க்கும், பிறகு சேர்ந்து ஓடும். கங்காணி பின்னால் வந்து மங்கில் எவ்வளவு பால் என்று பார்ப்பதற்கு முன்னால் கோட்டைத்தான் பார்ப்பார். காயம் இருந்தால் திட்டு விழும். அம்மாவின் நிரையில் அவர் நின்று திட்டியதை நான் பார்த்ததில்லை.

பால்மரம் நம் மலாயாவுக்கு வந்த கதையிலும் இதுதான் நடந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. அங்கே முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் சில உங்களுக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வந்த பிறகும் வெட்டத் தெரியவில்லை. கோடரியால் கொத்திக் கொத்தி மரத்தை நாசம் பண்ணும் முறைதான் இருந்தது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவித் திறக்கும் முறையைக் கண்டுபிடித்தார். தோட்டத் தொழில் முழுவதும் அதன்மேல்தான் நின்றது. ஆனால் அந்த அறிவைக் கையில் பழக்கி வைத்திருந்தது நம் அம்மாக்கள். அதை ஒரு தொழில்நுட்பம் என்று யாரும் சொன்னதில்லை. “மரம் வெட்டுறவங்க” என்றுதான் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மாவின் அந்தக் கை எனக்கு வரவில்லை என்று தெரிந்தது ஒரு காடியில்தான். மச்சான் ஒருவரிடம் கடல்நீல நிறத்தில் டட்சன் 120ஒய் இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அதில்தான் அழைத்துவருவதாக ஏற்பாடு. நான் பளபளக்கவைக்கிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டு, பட்டறையிலிருந்து வேகமாகச் சுழலும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். பானெட்டின் சமதளம் அற்புதமாக வந்தது. மரத்தின் நிழல் அதில் விழுந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பானெட்டின் விளிம்பு மேட்டில் மெஷினை வைத்தேன். விளிம்பில் சாயம் இயல்பாகவே மெல்லிசு. மெஷினின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரே கோட்டில் விழும், சூடும் அங்கேதான் ஏறும். ஒரு நொடி. நீலத்துக்கு நடுவில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு, அடிச்சாயம். மெஷினின் பஞ்சை எடுத்துப் பார்த்தால் அதெல்லாம் நீலம்.

அம்மா கோப்பி எடுத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார், வெட்டுக்கோட்டைத் தடவுவது மாதிரி. “காயம் பட்டுருச்சா அய்யா” என்றார். மரத்துக்குச் சொல்லும் அதே சொல். பிறகு, “மரம்னா ஏழெட்டு வருசத்துல மறுபட்டை கட்டிக்கும். இது கட்டாதே” என்றார். திட்டவில்லை. கல்யாணத்தன்று அந்த இடத்தை ரோஜாச் சரத்தால் மறைத்தோம். அதற்குப் பிறகு பல வருடம் நான் எந்தக் காடியிலும் கை வைக்கவில்லை. வைக்கும்போதெல்லாம் ஓரங்களில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

உங்கள் மற்ற கேள்விகள். வெட்டி வேலையா என்று என்னிடம் கேட்காதீர்கள், சனிக்கிழமை காலையில் உங்களுக்கு அது பிடித்திருந்தால் போதும். செராமிக் கோட்டிங்கைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். செத்த சாயத்தின்மேல் அதைப் போட்டால் செத்ததைப் பூட்டி வைத்த மாதிரி. மெழுகு போதும். நல்ல மெழுகுகளில் இருப்பது கர்னௌபா பனை ஓலையில் எடுத்தது, அதுவும் பால்மரம் மாதிரி பிரேசில்காரன்தான்.

பட்டறைக்காரர் சொல்வது தப்பில்லை, அவர் தொழில் அது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலையில் வெறும் தகரக் கூட்டுக்குச் சாயம் அடித்து ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். வயரும் ரப்பரும் இருக்கையும் பூட்டிய காடியை அப்படி வேகவைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. 60 டிகிரி போலத்தான் சூடு காட்டுவார்கள். புரோட்டோன் சாகா முதன்முதலில் வெளிவந்தது 1985 ஜூலையில். உங்களுடையது ஷா ஆலாமில் வெந்த சாயம், அதற்கு இரண்டு வருடம்தான் இளையது. சுரண்டிவிட்டால் அது திரும்பாது. அடிச்சாயம் தெரிகிற இடம் இருந்தால் அந்தத் தகட்டுக்கு மட்டும் அடியுங்கள். முழுக் காடிக்கும் வேண்டாம்.

மெஷினைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கையால் தொடங்குங்கள். பூட் மூடியில் ஒரு சாண் சதுரத்துக்கு ஒட்டுத்தாள் ஒட்டி அடையாளம் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள், தகடு குளிர்ச்சியாக இருக்கும்போது, பாலுக்குப் போகிற நேரத்துக்கே எழுந்திருங்கள். கழுவியபின், காடிக்கென்றே விற்கும் களிக்கட்டியால் (கிளே பார்) தண்ணீர் தெளித்துத் தடவி ஒட்டியிருக்கும் பிசுக்கை எடுங்கள். பிறகு எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸை வெள்ளைத் துணியில் எடுத்துத் தாராளமாகப் பூசி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காய்ந்துபோன பழைய சாயம் அதைக் குடிக்கும், பாதி நிறம் சுரண்டாமலே திரும்பும். மறுநாள் இருப்பதிலேயே மெல்லிசான பாலிஷ், ஒரே ஒரு சுற்று. துணியைப் பாருங்கள். சிவப்பு ஏறியிருந்தால் உங்கள் காடியின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத தெளிவான பூச்சு கிடையாது, நிறத்தையே நேரடியாகத் தேய்க்கிறீர்கள். வெள்ளையாகவே இருந்தால் அந்தத் தெளிவான பூச்சு இருக்கிறது, எப்போதோ யாரோ மறுசாயம் அடித்திருக்கலாம். தூள் கையில் இளஞ்சிவப்பாக ஒட்டுகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்து முதல் வகைதான் என்று நினைக்கிறேன். நிழல் தெளிவாக விழ வேண்டும் என்று அடுத்த சுற்றுக்குக் கை போகும். போகவிடாதீர்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும்.

இன்னொன்று. “எதுக்குடா அலங்காரம்” என்ற அம்மாவைக் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் அந்த வயதுப் பெண் ஒருவர் மரம் வெட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்தச் சதுரத்தைத் தேய்க்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவையுங்கள். எப்போது நிறுத்தவேண்டும் என்று அவரைக் கேளுங்கள்.

துணி என்ன நிறத்தில் வந்தது என்று எழுதுங்கள்.