மிஷினா, கிரைண்டரா? வீட்டு எஸ்பிரெசோ கேள்வி பதில்

கேள்வி: கையில் முப்பதாயிரம் இருக்கிறது அண்ணா. எந்த எஸ்பிரெசோ மிஷின் வாங்கலாம்?

பதில்: முதலில் நல்ல கிரைண்டர், மிச்சப் பணத்துக்கு மிஷின். எஸ்பிரெசோ என்பது ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் தள்ளுவது. தூள் சீராக இல்லாவிட்டால் தண்ணீர் இளகிய இடமாகப் பார்த்து ஓடிவிடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். லட்ச ரூபாய் மிஷினாலும் அதைத் திருத்த முடியாது. பிளேடு சுழலும் வகை வேண்டவே வேண்டாம், இரண்டு பல்வளையங்களுக்கு நடுவே நசுக்கி அரைக்கும் பர் வகைதான். எஸ்பிரெசோவுக்கென்று வரும் கைக்கிரைண்டரே போதும். தினம் ஆறேழு கப் போடுகிற வீடென்றால் கை வலிக்கும், மின்சாரத்தில் ஓடுவதாகப் பாருங்கள்.

கேள்வி: ஒன்றில் 15 பார், இன்னொன்றில் 20 பார் என்று போட்டிருக்கிறது. 20தானே நல்லது?

பதில்: அது பம்ப்பின் உச்சபட்சம், தூளுக்கு வேண்டிய அளவல்ல. அந்த எண்ணுக்காகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். தூள் போடும் சல்லடைக் கிண்ணத்தை, அதாவது பாஸ்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு சின்னத் துளை இருந்தால் அது இரட்டைச் சுவர் வகை. எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும், ருசி வராது. சாதா பாஸ்கெட் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 18 கிராம் போட்டேன். 12 வினாடியில் கொட்டி முடிந்துவிட்டது, ஒரே புளிப்பு!

பதில்: அரைப்பு பெரிசாக இருக்கிறது, இன்னும் நைசாக்குங்கள். கோப்பையைத் தராசின் மேல் வைத்துப் பிடியுங்கள்: 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள். முதலில் கருத்துத் தேன்போல இறங்கும், போகப் போக வெளுக்கும். 40 வினாடி தாண்டியும் சொட்டுச் சொட்டாக விழுந்து கசந்தால் அரைப்பைக் கொஞ்சம் பெரிசாக்குங்கள். அரைப்பை மாற்றும்போது தூளின் எடையைத் தொடாதீர்கள். இரண்டையும் மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. ஒரு பக்கமாகப் பீய்ச்சி அடிக்கிறதா? அப்படியென்றால் தூள் சமமாகப் பரவவில்லை. மெல்லிய ஊசியால் கிளறி, கட்டி உடைத்து, அப்புறம் மட்டமாக அழுத்துங்கள்.

கேள்வி: வீட்டில் வாங்கும் சிக்கரி கலந்த ஃபில்டர் தூளையே போடலாமா சார்?

பதில்: வேண்டாம். சிக்கரி ஈரத்தில் பிசுபிசுத்து பாஸ்கெட்டை அடைக்கும். அதை டிகாஷனுக்கே விட்டுவிடுங்கள், அங்கே அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதற்கு வறுத்த தேதி அச்சிட்ட கொட்டை வாங்குங்கள். சிக்மகளூரில் விளையும் அராபிகா வகைக் கொட்டை தாராளமாகக் கிடைக்கிறது. வறுத்து ஒரு வாரம் ஆறவிட்டால் எஸ்பிரெசோ நிதானமாக இறங்கும். பால் சேர்ப்பவர்கள் இன்னொரு வகைக் கொட்டையான ரோபஸ்டாவைக் கொஞ்சம் கலக்கலாம், இத்தாலியிலேயே கலக்கிறார்கள்.

கேள்வி: போர் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. பாய்லருக்குள் உப்புப் படிந்தே மிஷின் போய்விடும்.

கேள்வி: நாலாயிரத்துக்கு மேல் முடியாது. என்ன செய்ய?

பதில்: மோக்கா பாட், அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் அடுக்குப் பாத்திரம். 1933இல் இத்தாலியில் பியாலெட்டி என்பவர் கொண்டுவந்தது. அதன் அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான், எஸ்பிரெசோ என்று சொல்ல முடியாது. ஆனால் பாலுக்கு ஈடுகொடுக்கும். அடிப்பாத்திரத்தில் வெந்நீராகவே ஊற்றி, சிறு தீயில் வையுங்கள். களகள சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள்.