கிணற்றுச் சுவரில் தெரிவது நிலப்பிளவா?

கேள்வி: 2021 நவம்பர் 29 விடியற்காலை எங்கள் பக்கம் 3.6 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்தது. இப்போது கிணற்றை அகலப்படுத்தியபோது மண்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரிகிறது. பக்கத்தில் நேர்கோடாக ஒரு கல் கரடும் ஓடுகிறது. நிலம் அண்மையில் நகர்ந்ததற்கு இவை அடையாளமா? (வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: கரட்டை விட்டுவிடுங்கள். வட ஆற்காட்டில் இப்படி நேராக ஓடும் கரும்பாறைத் திட்டுகள் நிறைய உண்டு. பாறை வெடிப்புகளில் எரிகுழம்பு ஏறி உறைந்த டோலரைட் சுவர்கள் அவை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. சுற்றியிருந்த பாறை தேய்ந்துபோக, இவை நிமிர்ந்து நிற்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்கரையும் பழைய வண்டிப்பாதையும்கூட இப்படித்தான் ஏமாற்றும்.

3.6 அளவு அதிர்ச்சி மேல்மண்ணைக் கிழிக்காது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் ஆறுக்கு மேற்பட்ட அளவில் அதிர்ந்தபோதே தரை உயர்ந்தது ஒரு மீட்டருக்குள்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நில உயரப் படங்களில் ஒரு புள்ளியே 30 மீட்டர் அகல நிலம், ஆகவே அது தென்படவே படாது. ஆகவே உங்கள் கிணற்றுச் சுவர்தான் உருப்படியான சான்று.

கொத்துக்கரண்டியால் கோட்டின் இருபுறமும் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுவரை மழமழவென்று சீவுங்கள். தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பிடித்து, அரை மீட்டர் இடைவெளியில் ஆணியடித்து நூல் கட்டுங்கள். இனி அடுக்குகளைப் பாருங்கள். நிலப்பிளவு என்பது இருபுறமும் விலகி நகர்ந்த வெடிப்பு. பாறையில் உள்ள பிளவு எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். மேலே படிந்த மண்ணையும் அது வெட்டியிருக்கிறதா என்பதே கேள்வி. கூழாங்கல் அடுக்கு இடப்புறம் 2.10 மீட்டர் ஆழத்திலும் வலப்புறம் 2.45 மீட்டரிலும் இருந்தால் 35 சென்டிமீட்டர் இறக்கம். அதன் கீழுள்ள சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) அடுக்கு 70 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், பிளவு ஒரு முறைக்கு மேல் நகர்ந்திருக்க இடமுண்டு. மேலேயுள்ள உழவுமண் அறுபடாமல் ஓடினால், கடைசி நகர்வு கூழாங்கல் படிந்த பிறகு, உழவுமண் படியும் முன் நடந்தது. கோட்டை ஒட்டிய நீளக் கூழாங்கற்கள் படுத்திராமல் செங்குத்தாகத் திரும்பியிருந்தால் சான்றுக்குக் கூடுதல் பலம்.

ஒரே ஓர் அடுக்கை நம்பி முடிவுக்கு வராதீர்கள். ஓடைப்படுகையின் ஓரத்தில் கூழாங்கல் தானாகவே மெலிந்து முடிந்துவிடும். கோடையில் களிமண் வெடித்தால் கோடு கீழே போகப்போக ஒடுங்கும், அடுக்கு இறங்கியிருக்காது. களிமண் ஊறி உலர்ந்து ஒன்றோடொன்று உரசும்போதும் பளபளப்பான வழுக்குத்தளம் உண்டாகும். அதைக் கண்டு பிளவு என்று குதித்தவர்கள் பலர். கோடு கிணற்று விளிம்புக்கு இணையாக வளைந்தால் அது வெறும் கரைச் சரிவு. அப்படியென்றால் சுவர் விழும் நிலையில் இருக்கிறது, உடனே வெளியே வாருங்கள். மற்றபடியும் ஐந்தடிக்கு மேல் ஆழமிருந்தால் முட்டுக் கொடுக்காமல் இறங்கக் கூடாது.

கேள்வி: மண்ணின் வயதைப் பார்க்க மாதிரி எடுத்து அனுப்பலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: பாலித்தீன் பையில் அள்ளினால் வீண். மணல்துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தைச் சொல்வது ஓ.எஸ்.எல். சோதனை, ஒரு நிமிட வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும். 5 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாயை மணல் அடுக்கில் கிடையாக முழுவதும் அடித்து ஏற்றுங்கள். வெளியே இழுத்ததும் இருமுனையையும் அலுமினியத் தாள், கருப்பு டேப் கொண்டு அடைத்துவிடுங்கள். முனைகளில் உள்ள மணலை ஆய்வகம் கழித்துவிடும். கோடு வெட்டிய அடுக்குகளில் மேலானதிலிருந்து ஒன்று, வெட்டாத அடுக்குகளில் கீழானதிலிருந்து ஒன்று எனக் குறைந்தது இரண்டு குழாய்கள் வேண்டும். ஒரு குழாயால் கால எல்லை கிடைக்காது. வெள்ளத்தில் அவசரமாகக் கொட்டிய மணலுக்கு வெயில் போதாமல் உண்மையைவிடக் கூடுதல் வயது வரும். கரித்துண்டு கிடைத்தால் கார்பன் சோதனைக்கு அலுமினியத் தாளில் சுற்றுங்கள், பஞ்சிலோ காகிதத்திலோ வேண்டாம். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் கார்பன் உதவாது.

கேள்வி: பாலாறு திசை மாறியதற்கு நிலப்பிளவுதானே காரணம்? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: கொசஸ்தலை ஆற்றின் வழியே பாலாறு முன்பு ஓடியது, அதற்கு ‘விருத்த க்ஷீர நதி’, அதாவது பழைய பாலாறு, என்றே பெயருண்டு. ஆனால் வண்டல் மேடிட்டு, ஒரு பெருவெள்ளத்தில் கரை உடைந்தாலே ஆறு வேறு பக்கம் போய்விடும். பழைய படுகையின் அடுக்குகளையே பிளவு வெட்டியிருப்பதைக் காட்டினால்தான் பழியை அதன்மேல் போடலாம்.