புகைபோக்கி இல்லாத தெரு: ஆஸ்திரியாவின் ஒயின் நிலவறைகள் பற்றிக் கேள்வி பதில்

வியன்னாவுக்கு வடக்கே, செக் எல்லை வரை விரியும் திராட்சை நாட்டுக்கு வைன்ஃபியர்டல் என்று பெயர். அங்கே எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் நிலவறைக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளையடிக்கப் போவேன். இந்த முறை எடுத்த படங்களைப் பகிர்ந்ததும் நிறையக் கேள்விகள் வந்தன. தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, வரிசையாகக் குட்டி வெள்ளை வீடுகள், ஆனால் யாரும் வசிக்கவில்லை என்கிறீர்கள். இது என்ன ஊர்?

ஊர் இல்லை தம்பி, ஊருக்கு வெளியே இருக்கும் தெரு. ஜெர்மனில் கெல்லர்காஸே, அதாவது நிலவறைத் தெரு. மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள் கீழே கிராமத்தில் இருக்கின்றன. இங்கே இருப்பது ஒயின் மட்டும்தான். அடுப்பு இல்லை, அதனால் கூரையில் புகைபோக்கியும் இல்லை. 'புகைபோக்கி இல்லாத ஊர்' என்றே அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். வைன்ஃபியர்டல் இருக்கும் கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் மட்டும் இப்படி 1,000-க்கும் மேற்பட்ட தெருக்கள் இருக்கின்றன. ஹாட்ரெஸ் என்ற ஊரில் இருப்பது சுமார் 1.6 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 400 கட்டடங்கள்.

வீட்டுக்கு அடியிலேயே தோண்டியிருக்கலாமே? எதற்கு அவ்வளவு தூரம்?

மண்தான் காரணம். பனியுகத்தில் காற்று அள்ளி வந்து குவித்த மெல்லிய தூசி இங்கே மேடுமேடாகப் படிந்திருக்கிறது. லோஸ் மண் என்பார்கள். வெளிர் மஞ்சள் நிறம், விரலால் தேய்த்தால் மாவு போல உதிரும். ஆனால் அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து துகள்களைப் பிடித்து வைத்திருப்பதால், செங்குத்தாக வெட்டினாலும் சரியாமல் நிற்கும். மண்வெட்டியும் கொத்தும் இருந்தால் ஒரு குடும்பமே குளிர்காலத்தில் வேலையில்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்துகொண்டு போகலாம். பலவீனமான இடத்தில் மட்டும் செங்கல் வளைவு கொடுப்பார்கள்.

கிராமங்கள் பெரும்பாலும் ஓடையோரப் பள்ளத்தில் இருக்கும். அங்கே தோண்டினால் தண்ணீர் ஊறும். சரிவில் தோண்டினால் உலர்ந்த மண், பக்கத்திலேயே தோட்டம். ரெட்ஸ் நகரம் இதற்கு விலக்கு. அங்கே ஒயின் வணிகர்கள் ஊருக்கு அடியிலேயே மணலைக் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் போட்டார்கள்.

உள்ளே எப்படி இருக்கும்? போனவர்கள் சொல்லுங்கள்.

முதலில் வருவது பிரெஸ்ஹவுஸ், திராட்சை பிழியும் கூடம். சுவரில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும், பெயர் கைட்லோக். அறுவடை நாளில் வண்டியைத் தெருவில் நிறுத்தி, திராட்சையை அந்த வழியாகவே உள்ளே கொட்டுவார்கள். பழைய கூடங்களில் மரச்செக்கு மாதிரி ஒரு பிழிபொறி நிற்கும்: ஒரு முழு மரத்தையே நெம்புகோலாக்கி, முனையில் பெரிய கல்லைத் தொங்கவிட்டது. நான் போகும் இடத்தில் அந்த உத்தரம் கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு கிடக்கிறது. செய்த வருடத்தை அதில் செதுக்கியிருக்கிறார்கள். பல தலைமுறைக் கைகள் பட்டு அந்த இடம் மட்டும் மழமழவென்று இருக்கிறது.

பின்பக்கக் கதவைத் திறந்தால் படிகள் இறங்கும். பத்துப் படி போனதுமே வெளி வெயில் மறந்துவிடும். கோடையோ பனியோ, உள்ளே 8 முதல் 12 டிகிரிதான்.

சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கிறதே, சுத்தம் செய்ய மாட்டார்களா?

மாட்டார்கள். பீப்பாயிலிருந்து கசியும் சாராய ஆவியை உண்டு வளரும் நிலவறைப் பூஞ்சை அது. தொட்டால் வெல்வெட் போல இருக்கும். ஒயினுக்குக் கெடுதல் இல்லை. அது செழிப்பாக இருந்தால் நிலவறையில் ஈரமும் காற்றும் சரியாக இருக்கிறது என்று பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

சார், இதையெல்லாம் கட்டியது பிரபுக்களா, சாதாரண விவசாயிகளா?

தெருக்களாக வளர்த்தது பெரும்பாலும் விவசாயிகள்தான். முன்பு மடங்களும் பண்ணையார்களும் வைத்திருந்தவை பெரிய தனி நிலவறைகள். 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், தன் தோட்டத்து ஒயினை எவரும் தானே விற்கலாம் என்று ஆணை போட்டார். வாசலில் பச்சைக் கிளை தொங்கினால் அங்கே ஒயின் விற்பனை நடக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் புஷன்ஷாங்க் என்ற அந்தக் கடைகளில் சொந்த ஒயினும் சூடாக்காத உணவும்தான் கிடைக்கும்.

நிலவறையில் ஆட்கள் இறந்துபோவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. இதைக் கவனமாகப் படியுங்கள். சாறு நொதிக்கும்போது ஒரு லிட்டருக்கு 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். காற்றைவிடக் கனமானது, நிறமும் இல்லை, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதற்காகத்தான் மேலே தரை வரை காற்றுக்குழாய் விட்டிருக்கிறார்கள். பழைய ஆட்கள் மெழுகுவர்த்தியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஆனால் அதை நம்பவே கூடாது. சுடர் அணைவதற்குள் வாயு மனிதனுக்கு ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கும். ஒருவர் விழுந்தால், தூக்கப் போகிறவரும் விழுவார். அறுவடைக் காலத்தில் உரிமையாளர் முன்னால் இறங்காமல் நீங்கள் இறங்காதீர்கள்.

கட்டடக்கலை படிக்கிறேன். இவ்வளவு அழகான கட்டடங்கள் ஏன் இடிந்து கிடக்கின்றன?

சில பத்தாண்டுகளாகவே பெரிய தோட்டக்காரர்கள் எவர்சில்வர் தொட்டிக்கும் புதுக் கொட்டகைக்கும் மாறிவிட்டார்கள், சின்னவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். கதவு பூட்டியே கிடந்தால் ஈரம் ஏறும், லோஸ் மண் நனைந்தால் அவ்வளவுதான், பொலபொலவென்று இறங்கிவிடும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் பூசுவது. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மண்சுவர் பின்னாலிருந்து கூழாகி, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். நான் உதவிய ஒரு சுவரில் விரலை வைத்து அழுத்தினேன், உள்ளே சேறு. முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம், நம் பாட்டி வீட்டில் பொங்கலுக்கு அடித்தோமே அதே மாதிரி. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்.

அக்கா ஒருவர் கேட்கிறார்: ஒன்றை வாங்கி விடுமுறை வீடாக மாற்றலாமா?

தயவுசெய்து வேண்டாம் அக்கா. அடுப்பு, குளியலறை, பெரிய ஜன்னல் என்று ஒவ்வொன்றாக வரும். வந்துவிட்டால் அது வீடு, நிலவறை இல்லை. அந்தத் தெருவுக்கு நல்லது செய்ய வேண்டுமானால் அங்கே ஒயின் வைத்திருப்பவரிடம் இரண்டு பாட்டில் வாங்குங்கள்.

நான் குடிக்க மாட்டேன். போய்ப் பார்த்தால் சங்கடமாக இருக்குமா?

இருக்காது. இலையுதிர் காலத்தில் போனால் அப்போது பிழிந்த சாறு கிடைக்கும், நான் அதற்காகவே போவேன். ஈஸ்டர் திங்களும் நல்ல நாள். தோட்டத்தில் உழைத்தவர்களை முதலாளி நிலவறைக்கு அழைத்துச் சாப்பாடு போட்ட பழைய வழக்கம் அன்றைக்கு இருந்தது. இப்போது ஊரே நடந்து வருகிறது. திறந்திருக்கும் கதவுக்கு வெளியே நின்று வணக்கம் சொல்லுங்கள், பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். ஒரு ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.