கொத்தனார்த் தேனீ: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்காவில் போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன வருடம் பக்கத்து வீட்டு அம்மா, மூங்கில் குழாய்கள் அடுக்கிய ஒரு மரப்பெட்டியைத் தந்தார், தேனீ வீடாம். ஆப்பிள் மரத்துக்கு எதிரே வேலியில் மாட்டினோம். இந்த ஏப்ரலில் கருநீலமாக ஈ மாதிரி ஏதோ வந்து குழாய்களைச் சேறு வைத்து அடைக்கிறது. குளவிதான், பையன் விளையாடுகிற இடம், எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். என் அம்மாவோ போனில், குளவி கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது, கலைக்காதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? தேன் கிடைக்குமா?

சுதா

அன்புள்ள சுதா,

உங்கள் அம்மா சொல்வதையே கேளுங்கள், காரணம்தான் வேறு. அது குளவி இல்லை. நம் ஊர் ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவி, புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி உள்ளே வைத்து அடைக்கும். இது மகரந்தத்தை வைத்து அடைக்கும் தேனீ. இங்கே மேசன் பீ என்பார்கள், நான் கொத்தனார்த் தேனீ என்று சொல்லிக்கொள்வேன். அறிவியல் பெயர் ஆஸ்மியா லிக்னேரியா, அசல் வட அமெரிக்கப் பிறவி. தேன் தரும் தேனீதான் 1622இல் வர்ஜீனியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியது, நம்மைப் போல.

தேன் கிடைக்காது. ராணி, வேலைக்காரர்கள், கூட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஒரு குழாயைப் பிடித்துத் தனியாகக் குடித்தனம் நடத்துகிறாள். காக்கக் கூட்டமில்லாததால் துரத்தி வந்து கொட்டும் வழக்கமும் இல்லை. ஆணுக்குக் கொடுக்கே இல்லை, பெண்ணைக் கையில் வைத்து நசுக்கினால் கொட்டலாம். அதனால் வெயில் ஏறியதும் நாற்காலி போட்டுப் பையனோடு பெட்டி எதிரில் உட்காருங்கள். வயிற்றுக்கு அடியில் மஞ்சள் மாவு அப்பிக்கொண்டு ஒன்று வரும். தலையை விட்டு நுழைந்து, கொண்டுவந்த பூந்தேனைக் கக்கிவிட்டு, பின்னாலேயே நடந்து வெளியே வந்து, வாசலிலேயே திரும்பி, இந்த முறை பின்பக்கமாக உள்ளே போய் மகரந்தத்தைக் காலால் உதறும், 'வரலாம் வரலாம்' சொல்ல ஆளில்லாமலே லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. உருண்டை சேர்ந்ததும் அதன்மேல் ஒரு முட்டை, அப்புறம் சேற்றில் ஒரு சுவர், அடுத்த அறை. உள்ளறைகளில் பெண் முட்டை, வாசல் பக்கம் ஆண் முட்டை. அடுத்த வசந்தத்தில் ஆண்கள் முதலில் வெளியே வந்து வாசலில் காத்துக் கிடப்பார்கள்.

தேன் தரும் தேனீ மகரந்தத்தைப் பூந்தேன் விட்டுப் பிசைந்து காலில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவாக உதிராது. இது காய்ந்த மாவாகச் சுமப்பதால் போகிற பூவிலெல்லாம் சிந்தும். ஒரு ஏக்கர் ஆப்பிளுக்குச் சுமார் 250 பெண் தேனீக்கள் போதும் என்பது தோட்டக்காரர்கள் கணக்கு. உங்கள் ஒற்றை மரத்துக்கு வேலியில் இருப்பதே தாராளம்.

எனக்கு நெருடுவது அந்த மூங்கில்தான். நானும் அப்படி ஒன்றை வாங்கி மாட்டி, மூன்று வருடம் தொடாமல் விட்டேன். நான்காவது வருடம் ஒரு குழாயைப் பிளந்தால், தேனீ இருக்க வேண்டிய அறைகளில் மரத்தூள் கொட்டினாற்போல உண்ணிகள். மகரந்தத்தைத் தின்று பெருகி, வெளியே வரும் தேனீயின் முதுகிலேயே ஏறி அடுத்த குழாய்க்குப் போய்விடும். காட்டில் கூடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். நாம் ஒரே பெட்டியில் நெருக்கி வைத்துவிட்டு மறந்துபோகிறோம். வருடா வருடம் சுத்தம் செய்ய முடியாதென்றால் பெட்டி மாட்டாமலிருப்பதே மேல் என்பேன், பக்கத்து வீட்டு அம்மா கோபித்துக்கொண்டாலும் சரி.

முடியும் என்றால், இப்போது கை வைக்க வேண்டாம். வேலிப் பக்கம் கொஞ்சம் களிமண்ணை ஈரமாக வைத்திருங்கள், மணல் சுவர் நிற்காது. ஜூனில் நடமாட்டம் நின்றதும் குலுக்காமல் எடுத்து, வலைப்பையில் போட்டு நிழலில் வையுங்கள். அக்டோபர் கடைசியில் மூங்கிலைப் பிளந்து கூட்டுப்புழு உறைகளை எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஆறவிட்டு, கொஞ்சம் ஈரப்பதத்தோடு டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். உள்ளே முழுத் தேனீயாகவே தூங்கிக்கொண்டிருக்கும். மார்ச்சில் 8 மில்லிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள காகிதக் குழாய்களோடு வெளியே வையுங்கள்.

டப்பா மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த உறைகள் பார்க்க அச்சு அசல் சுண்டைக்காய் வற்றல். என் மாமியார் ஒருமுறை வாணலி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.