சுருண்டு கிடந்தால் பயம் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய் மணிக்கு நான்கு வயது. தீபாவளி வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும், சோறு தொடாது. முந்தின ஆண்டு மதிலைத் தாண்டி ஓடி, மறுநாள்தான் கிடைத்தது. போன ஆண்டு மெடிக்கல் ஷாப்காரர் இரண்டு மாத்திரை கொடுத்தார். நாள் முழுக்கச் சத்தமில்லாமல் படுத்திருந்தது. இந்த ஆண்டும் அதையே கொடுக்கலாமா? எவ்வளவு கொடுக்க வேண்டும்? தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வீட்டில் ஒரு கடுவன் பூனையும் உண்டு. வெடிச் சத்தம் கேட்டால் மெத்தையில் மூத்திரம் போய்விடுகிறது. அதற்கும் கால் மாத்திரை கொடுக்கலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: கொடுக்காதீர்கள். நாய்க்கும் வேண்டாம், பூனைக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

அந்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பெயர் இல்லாத காகித உறையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அதுதான் வழக்கம். இந்த வேலைக்கு ரொம்ப நாளாகப் புழங்குவது அசிப்ரோமசின் வகை மருந்து. அது உடம்பைத் தளர்த்திப் படுக்க வைக்கும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஆனால் பயத்தைத் தொடாது. காது கேட்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், எழுந்து ஓடத்தான் முடியாது. மணி போன ஆண்டு அமைதியாக இருந்தது என்று நீங்கள் நினைத்த நாள், அதற்கு இருந்ததிலேயே மோசமான நாளாக இருந்திருக்கலாம். சில நாய்களுக்கு இந்த மருந்து உள்ளே போனால் சத்தம் இன்னும் கூர்மையாகக் கேட்கும்.

இல்லையென்றால், மனிதர்களுக்கான அல்பிரசோலமாக இருந்திருக்கும். நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் நாங்களும் அதை எழுதுவது உண்டு, ஆனால் எடை பார்த்து, கல்லீரல் நிலை பார்த்து எழுதுவோம். சட்டப்படி அது எச்1 பட்டியல் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். 2014 முதல் இதுதான் விதி. பதிவேடு கடையில் இருக்கும், மாத்திரை கவரில் வரும். இதைக் கேட்க வேண்டியவர்கள் எப்போது கேட்பார்கள் என்று நானும் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கூட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி நெருங்கினால் ‘பயம் எடுக்கும்’ பயிற்சியாளர்கள் கிளம்பிவிடுவார்கள். நாயை ஒரு மாதம் தங்களிடம் விடச் சொல்வார்கள், உங்களைப் பார்க்க விட மாட்டார்கள். உள்ளே நடப்பது பல இடங்களில் கழுத்தில் மின்சாரம் பாய்ச்சும் ஷாக் பட்டையும் இறுக்குச் சங்கிலியும்தான். வெடிக்குப் பயந்த நாய் திரும்பி வரும்போது வெடிக்கும் பயப்படும், மனிதக் கைக்கும் பயப்படும். அப்படி வந்த நாய்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் தொடக்கூட முடியாது.

சரி, என்ன செய்யலாம்?

இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மணி மதில் தாண்டும் அளவுக்குப் பயப்படுகிறது, அதனால் மருந்து தேவைப்படலாம். டிராசோடோன், கேபாபென்டின் போன்றவை உண்டு. எது, எவ்வளவு என்பதை மணியைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “டாக்டர், சத்தம் இல்லாத ஒரு நாளில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிடலாமா?” தீபாவளி அன்றே முதல் தடவையாகக் கொடுக்கக் கூடாது. நாய் நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தாலும் பாதிப் பலன்தான். சத்தத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போக வேண்டும். அரசு ஆணைப்படி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடி நேரம் உண்டு. உங்கள் தெரு அதை எப்படி மதிக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவில் நாலு மணிக்கே சரவெடி.

அரசு கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போடவே ஆள் பற்றாக்குறை, நாயின் பயத்தைச் சொன்னால் சிரிப்பவர்களும் உண்டு. சிரித்தால் வேறு இடம் பாருங்கள். மாட்டையும் ஆட்டையும் பார்த்தே வளர்ந்த துறை, வீட்டுக்குள் இருக்கும் பிராணியை இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை.

நடுக்கம் கடைசியில் வருவது. அதற்கு முன்பே மணி சொல்லிக்கொண்டுதான் இருக்கும்: வெயில் இல்லாமல் மூச்சிரைக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியப் பார்க்கும். அந்தக் கட்டத்திலேயே ஜன்னலைச் சாத்தி, டிவியைப் போட்டு, கட்டிலுக்கடியில் உங்கள் பழைய புடவையை விரித்துவிடுங்கள். அது ஒளியும் இடத்திலிருந்து இழுக்காதீர்கள். “தடவிக் கொடுத்தால் பயம் கூடும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயம் என்ன கெட்ட பழக்கமா, கொஞ்சினால் வளர்வதற்கு? மடியில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் வெடிச் சத்தம் போட்டுப் பழக்கும் முறை நல்லதுதான், ஆனால் மெதுவான வேலை. சத்தம் வந்த பக்கம் நாயின் காது திரும்ப வேண்டும், நீங்கள் நீட்டும் கறித் துண்டைத் தின்னவும் வேண்டும். அந்த அளவு சத்தம் போதும். தின்ன மறுத்தால் சத்தம் அதிகம் என்று பொருள். மணிக்கு ஐந்து வாரம் போதாது. பொங்கல் கழிந்ததும் அடுத்த தீபாவளிக்காகத் தொடங்குங்கள்.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். வெடிக்குப் பயந்து மெத்தையில் போவது நடக்கக் கூடியது. அலமாரி மேலே ஒரு அட்டைப்பெட்டியும், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இன்னொரு மணல் தட்டும் வையுங்கள். ஆனால் கடுவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, துளித்துளியாக வந்தாலோ, வராமலே போனாலோ, கத்தினாலோ, மூத்திரம் போகும் இடத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ, அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம். கடுவனுக்குக் குழாய் குறுகல், பதற்றமே அடைப்பைக் கிளப்பிவிடுவதும் உண்டு. முழுதாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். காலை வரை பார்க்கலாம், பண்டிகை முடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்று இரவே, எந்த ஊரில் மருத்துவமனை திறந்திருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள். வயிறு கல் மாதிரி இருக்கிறதா என்று நீங்களே அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

கடைசியாக, மணியின் கழுத்துப் பட்டையில் மார்க்கர் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். மதில் ஏறிப் போகிற நாயைவிட, திறந்து கிடக்கும் கேட் வழியாகப் போகிற நாய்கள்தான் அதிகம். கோலம் போடப் போகும்போதும், பக்கத்து வீட்டார் பலகாரத் தட்டோடு வரும்போதும் மணி உள் அறையில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் இருக்கட்டும்.